பாதி மலையில் நின்ற பெட்டி

எண்பத்தாறு வயதுக் கிழவி ஒருத்தியின்மேல் பொறாமைப்படுவது மாக்கிரட்டுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. என்ன செய்வது, பொறாமை வயது பார்த்தா வருகிறது? பதினான்கு வருடமாக வயிற்றுக்குள் கிடந்து புகைந்த அது, கணவன் கிறிகோரி செத்து ஆறு மாதமான பிறகும் அணையவில்லை.

கிறிகோரி பலெர்மோ நகரில், லிபெர்த்தா என்ற தெருவில், சின்யோரா ஒர்த்தென்சியா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டில் வேலை பார்த்தார். சமையல், மருந்து, கடைத்தெரு, பின்னேரம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது, எல்லாம் அவர்தான். காலையில் அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த தங்கள் நாலாம் மாடி வீட்டிலிருந்து இறங்கிப் போனால் இருட்டிய பிறகுதான் ஏறி வருவார். வந்து சாப்பிடுவார், செபமாலை சொல்லுவார், படுப்பார்.

"இண்டைக்கு என்னப்பா நடந்தது?"

"ஒண்டுமில்லை."

இருபத்தொன்பது வருடக் கலியாணத்தில் அவள் அதிகம் கேட்ட பதில் அதுதான். மனுசனின் சுபாவம் அப்படி என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள், அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒருநாள் லிபெர்த்தாவுக்குப் போகும்வரை. கதவுக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே ஒரு சிரிப்புக் கேட்டது. வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆண் சிரிப்பு. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்தாள். கதவைத் திறந்தது கிறிகோரி. சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் அது உள்ளே போய்விட்டது.

பொறாமை தொடங்கியது அன்றைக்குத்தான்.

சின்யோரா பிறந்தது மொந்தெகால்தோ என்ற மலையூரில். நாப்போலிக்குக் கப்பலில் போய், அங்கிருந்து மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் ஏறவேண்டும். மலையுச்சியில் வெந்நீர் ஊற்று. ஒரு காலத்தில் மூட்டுவலிக்காரர்களும் மூட்டுவலி இல்லாத பணக்காரர்களும் அதில் குளிக்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களை மேலே ஏற்ற ஒரு கம்பெனி ஃபுனிக்கொலாரே கட்டியது. செங்குத்தான சரிவில் இரும்பு வடத்தில் கட்டி ஓடுகிற இழுவை ரயில். அதைப் பார்த்து எரிச்சல்பட்ட ஓட்டல் முதலாளி ஒருவன் முந்நூறு மீற்றர் தள்ளி இன்னொன்று கட்டினான். கம்பெனிக்காரன் இருக்கைக்குச் சிவப்பு வெல்வெட் போட்டால் இவன் பச்சைப் பட்டுப் போட்டான். அவன் பாண்ட் வாத்தியம் வைத்தால் இவன் பாட்டுக்காரியையே பெட்டிக்குள் ஏற்றினான். ஒருவனை ஒருவன் பார்த்துப் பார்த்தே இருவரும் மெலிந்தார்கள். ஓட்டல்காரனின் ரயில் இருபது வருடத்தில் பழைய இரும்பாகப் போனது. மற்றது போருக்குப் பிறகும் தட்டுத்தடுமாறி ஓடி, அறுபதுகளில் நின்றது. இந்த இரண்டு ரயில்களின் சரித்திரத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் சாவது என்று சின்யோரா சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வேலைக்குக் கிறிகோரி வாய்த்தார். அவருடைய தகப்பன் தலைமன்னார் ரயிலில் வேலை செய்தவர். தண்டவாளம், பிறேக் என்று யாராவது பேச்செடுத்தால் மனுசனுக்கு வாயூறும். ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் மூன்று கிழமை சின்யோராவை மொந்தெகால்தோவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். சின்யோரா வெந்நீரில் கிடக்கும் நேரத்தில், இவர் கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பழைய ரயில்காரர்களோடு சீட்டாடிக் கதை கேட்பார். இத்தாலியன் அவருக்குக் காதிலும் நாக்கிலும் நன்றாக வரும், கையில் வராது. கேட்டதையெல்லாம் தமிழில் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, பின்னேரம் அதைப் பார்த்து இத்தாலியனில் சொல்லுவார். சின்யோரா கொம்பியூட்டரில் அடிப்பார். புத்தகம் அப்படித்தான் வளர்ந்தது.

அந்த மூன்று கிழமைக்குள்தான் மடு மாதாவின் திருநாளும் வரும். பலெர்மோவில் நடக்கும் பூசைக்கு மன்னார்ச் சனம் குடும்பம் குடும்பமாக வந்து நிற்கும். பதினான்கு வருட ஓகஸ்ட்டிலும் மாக்கிரட் தனியே நின்றாள்.

"என்னக்கா, அண்ணை இந்த முறையும் கிழவியோடை தேனிலவோ?" என்று கீழ்மாடி றம்யா பகிடி விடுவாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மாக்கிரட்டும் சிரிப்பாள்.

நவம்பரில் கிறிகோரி செத்ததும் சின்யோராவின் குசினியில்தான். அடுப்பில் கோப்பி வைத்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார்.

"'கோப்பி ஏறிவிட்டது சின்யோரா' என்றார், மாக்கிரெத்தா. அதுதான் கடைசி வார்த்தை" என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கிழவி அழுதார். அந்த ஒன்றுக்கும் உதவாத வார்த்தையைக்கூடத் தான் கேட்கவில்லையே என்று மாக்கிரட்டுக்கு நெஞ்சு எரிந்தது. தெருச்சுவர்களில் ஒட்டிய மரண அறிவித்தலைச் சின்யோராவே அச்சடிப்பித்திருந்தார். முதல் பெயர் ஒர்த்தென்சியா. மனைவி மாக்கிரட் அடுத்த வரியில். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவர் அனுப்பிய மலர்வளையம் வீட்டார் வைத்த வளையத்தைவிட ஒரு முழம் பெரிது.

மே மாதத்தில் ஒருநாள் சின்யோரா போன் எடுத்தார்.

"மாக்கிரெத்தா, கிரெகோரியோவின் கொப்பிகள் உன்னிடம்தானே? புத்தகம் அச்சுக்குப் போகிறது. கடைசி அத்தியாயம் மட்டும் குறை. ரயில் ஓட்டிய துல்லியோ ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அவர் சொன்னார், ஆனாலும் அவனோடு அதிகம் சீட்டாடியது ஒன்பதாம் கொப்பியில்தான், அதில் ஏதாவது இருக்கவேண்டும். நீ வந்து எனக்கு வாசித்துக் காட்டு."

இருவருக்கும் நடுவில் பேச்சு எப்போதும் இத்தாலியனில்தான். கிறிகோரியின் பெயருக்கு வாலில் ஒரு 'யோ'வை ஒட்டிச் சின்யோரா கூப்பிடுவதை அவர் இருக்கும்போதே மாக்கிரட்டால் சகிக்க முடிந்ததில்லை.

"உங்களிடம் இப்போது லில்லியான்தானே வேலைக்கு நிற்கிறாள். அவளும் தமிழ்தானே?"

"மொரிசியஸ் தமிழ். 'வணக்கம்' மட்டும் தெரியும் என்கிறாள். எழுத்துத் தெரியாதாம்."

"பார்ப்போம்" என்று மாக்கிரட் போனை வைத்தாள்.

கடைசி அத்தியாயம் என்னவென்று அவளுக்குத் தெரியும். சின்யோராவின் வீட்டு வாசலை மிதித்த எல்லாருக்கும் தெரியும். ஐம்பத்தெட்டாம் ஆண்டு மாரிகாலம். ஒர்த்தென்சியாவுக்குப் பத்தொன்பது வயது. மேல் ஸ்டேசன் மாஸ்டரின் மகள். ஒரேஸ்தே பெட்டியில் நிற்கும் பிறேக்காரன். ஒரு வியாழக்கிழமை அவர்கள் இருவர் மட்டும் ஏறிவந்த பெட்டி பாதி மலையில் நின்றுவிட்டது. கொட்டுகிற மழையில் மூன்று மணித்தியாலம். மேலே வந்து சேர்ந்தபோது கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். வேண்டுமென்றே பிறேக் போட்டான் என்று கம்பெனி ஒரேஸ்தேயை வேலையால் நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் இருவரும் பலெர்மோ வந்தார்கள். "நான் பிறேக்கைத் தொடவே இல்லை" என்று ஒரேஸ்தே சாகும்வரை சொன்னாராம். சின்யோரா நம்பியதில்லை.

"வெட்கப்படுகிற மனுசன்! எனக்காக ஒரு ரயிலையே நிறுத்திவிட்டு ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுவார். மேலே நின்று ரயிலை ஓட்டிய துல்லியோவுக்குக் கட்டாயம் உண்மை தெரிந்திருக்கும், அவன் சாட்சி சொன்னால் புத்தகத்தை அதோடு முடிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். துல்லியோ சின்யோராவின் முகத்தில் முழிக்க மாட்டான். கிறிகோரியோடு மட்டும் சீட்டாடுவான்.

மாக்கிரட் அந்தக் கதையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். கேட்கும்போதெல்லாம், என்னுடைய மனுசன் எனக்காக ஒரு பஸ்ஸைக்கூட மறித்ததில்லையே என்று நினைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஒன்பதாம் கொப்பியை எடுத்தாள். கிறிகோரியின் எழுத்து, பேசுகிற மாதிரியே எழுதுவார். பேசாத மனுசனின் பேச்சு முழுவதும் இதற்குள்தான் கிடந்தது. சின்யோரா இன்று காலில் எண்ணெய் போடவிடவில்லை, சின்யோராவுக்கு அத்திப்பழம் பிடிக்கும், சின்யோரா சிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் சின்யோரா. பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டினாள். நடுவில் வந்தது, ஏழு வருடத்துக்கு முந்திய ஓகஸ்ட் தேதி போட்டு:

'துல்லியோ இண்டைக்குச் சீட்டைக் கவிட்டு வைச்சிட்டு அழுதான். பெட்டி நிண்டது பிறேக்காலை இல்லையாம். இரண்டு பெட்டி, ஒரு வடம். மேலை நிக்கிற பெட்டியின்ரை அடித்தொட்டியிலை ஊத்துத் தண்ணியை நிரப்பினால் அந்தப் பாரத்திலை அது இறங்கும், கீழை நிக்கிறது ஏறும். கீழை எத்தினை பேர் ஏறினவை எண்டு மணி அடிப்பினம். அந்தக் கணக்குக்குத் தண்ணி விடுறது துல்லியோவின்ரை வேலை. அண்டைக்கு இரண்டு மணி அடிச்சுது. ஒவ்வொரு வியாழனும் அவை சோடியா வாறதைப் பாத்துப் பாத்து இவனுக்குப் பத்தி எரிஞ்சிருக்கு. இவனுக்கும் அவளிலை விருப்பம். தண்ணியை நிரப்பிப்போட்டு, தொட்டியின்ரை அடித்திறப்பை முழுக்கப் பூட்டாமல் பெட்டியை விட்டிட்டான். வழி நெடுக ஒழுகி, பாதி மலையிலை இரண்டு பெட்டியும் ஒரே பாரம். நிண்டிட்டுது. மழையிலை ஒழுகினது ஒருத்தருக்கும் தெரியேல்லை. அவள் பயந்து ஒரேஸ்தேயைக் கையாலாகாதவன் எண்டு நினைப்பாள் எண்டதுதான் இவன்ரை எண்ணம். மூண்டு மணித்தியாலத்தையும் தானே தூக்கிக் குடுத்திட்டன் எண்டு தலையிலை அடிச்சு அழுகிறான்.'

மாக்கிரட் கொப்பியை மூடினாள். அதற்குமேல் அவளுக்குத் தேவைப்படவில்லை. கூரான கத்தியை யாரோ பிடிப்பக்கமாகத் திருப்பிக் கையில் வைத்தமாதிரி இருந்தது. ஒரேஸ்தே எந்த ரயிலையும் நிறுத்தவில்லை! அறுபது வருடத்துக்கு மேலாகக் கிழவி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்த பதக்கம் வெறும் தகரம்.

அதோடு இன்னொன்றும் விளங்கியது. கிறிகோரி இதை ஏழு வருடம் தெரிந்துகொண்டே மறைத்திருக்கிறார். கிழவியின் மனம் நோகக்கூடாதென்று. தன்னுடைய மனம் நோகும் என்று அந்த மனுசன் ஒருநாளாவது யோசித்தாரா? ஒரு ஓகஸ்ட்? ஒரேயொரு ஓகஸ்ட்?

அடுத்தநாள் பின்னேரம் சேலை உடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, கொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் றம்யா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்கையக்கா, கலியாண வீட்டுக்கே?"

"லிபெர்த்தாவுக்கு. கிழவிக்கு ஒரு உண்மை சொல்லவேணும்."

"உண்மைக்கு இவ்வளவு பவுடர் தேவையோ?"

"நீ உன்ரை வேலையைப் பார்."

"அக்கா, அந்த மனுசிக்கு எண்பத்தாறு வயசு. பாத்துச் சொல்லுங்கோ. சொல்லி முடியமுந்திப் போய்ச் சேர்ந்திட்டால் பிறகு நீங்கள்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடவேணும்."

மாக்கிரட் சிரிக்கவில்லை. வியா மக்வேதா தெரு முழுவதையும் வேகமாக நடந்து கடந்தாள். நடக்க நடக்க, எந்த வசனத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் நிமிர்ந்து கிழவியின் முகத்தைப் பார்ப்பது என்று மனதுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

லில்லியான் கதவைத் திறந்து, "வணக்கம்" என்றாள். சின்யோரா யன்னலோரக் கதிரையில் தலையைச் சீவி முடித்துக் காத்திருந்தார். மேசையில் அச்சகத்துத் தாள்கள் அடுக்கியிருந்தன. சுவரில், தொப்பி போட்டு இழுவை ரயில்பெட்டியின் வாசலில் நிற்கும் ஒரேஸ்தேயின் படம்.

"வா மாக்கிரெத்தா. கோப்பி?"

"வேண்டாம் சின்யோரா. முதலில் வாசிக்கிறேன்."

வாசித்தாள். கிறிகோரி வாசிப்பாரே, அதே மாதிரி, தமிழைப் பார்த்து இத்தாலியனில். அவசரப்படவில்லை. துல்லியோ அழுதது, இரண்டு பெட்டி, ஒரு வடம், இரண்டு மணி. 'தொட்டியின் அடித்திறப்பை முழுக்கப் பூட்டாமல்' என்ற இடத்தில் நிறுத்தி நிமிர்ந்தாள். சின்யோரா வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மிச்சத்தையும் வாசித்தாள்.

தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பிறேக் இல்லையா?"

"இல்லை."

"ஒரேஸ்தே தொடவில்லையா?"

"தொடவே இல்லை, சின்யோரா."

இதற்காகத்தான் வந்தாள். கிழவியின் முகம் சுருங்குவதைப் பார்க்க அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. அதைப் பொய் சொல்லி மறைப்பதற்கில்லை. ஆனால் சின்யோரா அழவில்லை. படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐம்பது வருடம் சொன்னார். 'நான் தொடவில்லை ஒர்த்தென்சியா.' ஒவ்வொரு தடவையும் நான் கண்ணடிப்பேன். ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோதும் சொன்னார். அப்போதும் கண்ணடித்தேன். உண்மை சொன்ன மனுசனைப் பொய்யன் பொய்யன் என்றே கொஞ்சியிருக்கிறேன்."

மாக்கிரட்டுக்கு வாயில் இனிப்புக் கொஞ்சம் புளித்தது.

சின்யோரா திடீரென்று திரும்பினார். "இதை எப்போது எழுதினார்?"

"ஏழு வருடத்துக்கு முன்."

"ஏழு வருடம்!" கிழவியின் கை கதிரைப்பிடியில் அடித்தது. "ஏழு வருடம் இதே அறையில் இருந்துகொண்டு, எனக்குச் சூப் ஆற்றித் தந்துகொண்டு, 'துல்லியோ ஒன்றும் சொல்லவில்லை சின்யோரா' என்றாரே! வருடா வருடம் கேட்டேன். ஊமைக்கழுதை! என்ன மனுசன் அவர்?"

"வீட்டிலும் அப்படித்தான்" என்றாள் மாக்கிரட். அதைச் சொல்லும்போது தனக்கு ஏன் இவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை.

"அதற்குக் கீழே இன்னும் எழுதியிருக்கிறதே. வாசி."

அந்தப் பக்கத்தை அவள் முழுவதும் பார்க்கவில்லை. ஒரு வரி இடைவெளி விட்டு, பேனையை அழுத்திப் பிடித்து எழுதியிருந்தது. கண்ணை ஓட்டினாள்.

'சின்யோராவுக்கு இதை வாசிக்க எனக்குத் துணிவில்லை. மாக்கிரட் எண்டால் மறைக்கமாட்டாள். நெஞ்சிலை உள்ளதை நேரை முகத்துக்குச் சொல்லுவாள். அவளுக்கு முன்னாலை எனக்கு ஒரு பொய்யும் நிக்காது, அந்தப் பயத்திலைதான் வீட்டிலை வாயைத் திறக்கிறேல்லை. என்ரை மாக்கிரட்டைப்போலை நேர்மையான மனுசியை நான் காணேல்லை.'

நேர்மையாம்! பவுடர் பூசி, ஒத்திகை பார்த்து, ஒரு கிழவியின் நெஞ்சைக் குத்த வந்தவளுக்கு ஏழு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த நற்சாட்சி. அவர் மட்டும் இப்போது முன்னால் நின்றிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பாள். என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதை நினைக்கத்தான் கண் நிறைந்தது.

"என்ன அது? என்னைப் பற்றியா?" சின்யோரா முன்னால் சாய்ந்தார்.

"முதல் வரி உங்களைப் பற்றி. உங்களுக்கு வாசித்துக் காட்டத் துணிவில்லை என்று எழுதியிருக்கிறார்."

"மிச்சம்?"

"மிச்சம் என்னுடையது. அது புத்தகத்துக்கு இல்லை."

"மாக்கிரெத்தா, பதினான்கு வருடம் அவர் கொப்பியில் எழுதின ஒவ்வொரு வரியையும் எனக்கு வாசித்தார்."

"இதை வாசிக்கவில்லையே."

சின்யோராவின் கண் கொப்பியிலேயே நின்றது. அந்தப் பார்வையை மாக்கிரட் அடையாளம் கண்டாள். அவளைவிட நன்றாக வேறு யாருக்கு அது தெரியும்? பாவம் என்று நினைத்தாள். நினைத்தும் இரங்கவில்லை.

"சரி" என்றார் சின்யோரா கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒரேஸ்தே பிறேக்கைத் தொடவில்லை என்று நாளைக்கே அடித்து அனுப்புகிறேன். அந்த மனுசனின் பெயராவது சுத்தமாகட்டும். துல்லியோவின் பெயரையும் போடுவேன், செத்தாலும் விடமாட்டேன். கொப்பியை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போ. மற்றக் கடுதாசிகளோடு மொந்தெகால்தோ நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும்."

"மற்ற எல்லாக் கொப்பிகளையும் கொண்டுவந்து தருகிறேன். இதைத் தரமாட்டேன்."

"வாசிக்கவாவது செய்யேன். ஒரு தடவை. நான் யாரிடம் சொல்லப்போகிறேன், எண்பத்தாறு வயதில்?"

மாக்கிரட் யோசித்தாள். எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கதிரையைச் சின்யோராவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, கொப்பியை இருவருக்கும் நடுவில் விரித்து, அந்த மிச்ச வரிகளை ஒவ்வொன்றாக, விரலை ஓட்டி, சத்தமாக வாசித்தாள். தமிழில்.

கிழவி காதை மடித்துப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிய சொல் ஒன்றே ஒன்றுதான், மாக்கிரட். அது இரண்டு தடவை வந்தது.